முகாம் வண்டிக்கு ஏற்ற பட்டை வில்லைத் தேர்ந்தெடுத்தல்

நம் கிராமங்களில் முன்னாளில் இருவகை மாட்டு வண்டிகள் வழங்கின. நெல்லும் எருவும் ஏற்றிச் செல்வது கட்டை வண்டி. மக்கள் ஏறிப் பயணம் செய்வது வில்வண்டி. பின்னதன் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் பொருத்தப்பட்டிருந்தமையால் அது அப்பெயர் பெற்றது. நகரத்து ஜட்கா வண்டியும் இத்தகைய வில்லின் மீதே ஓடிற்று. மேனாட்டில் குதிரை வண்டிகளுக்குரிய நீள்வட்ட வில்லுக்கு ஒபடையா எலியட் என்பார் 1804ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும், லாரியிலும் ஜீப்பிலும் சிறு பாரவண்டிகளிலும் அதே பட்டை வில் உழைத்து வருகிறது. பட்டறைகளில் இதனை லீஃப் ஸ்பிரிங் என்றும், தனித்தனிப் பட்டையைப் பிளேட் என்றும் வழங்குவர்.

நில அளவை, தாவர சேகரிப்பு, நீர்ச் சோதனை ஆகிய பணிகளுக்காகப் பல நாள் வெளியில் தங்கும் களப்பணியாளரும், மாணவரை முகாமுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் கூடாரம், பாத்திரம், தண்ணீர், கருவிகள் ஆகியவற்றை ஏற்றிச் செல்ல ஓர் இரு சக்கரப் பின்வண்டியைத் தாமே செய்துகொள்ள விரும்புவதுண்டு. சட்டத்தைப் பற்றவைத்துச் செய்வது உள்ளூர்ப் பட்டறைக்குக் கடினமான வேலையன்று. ஆயினும் வில்லைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பலர் 'கனமானதே உறுதியானது' என்று எண்ணி, கைக்குக் கிடைத்த லாரி வில்லைப் பொருத்திவிடுகின்றனர். இஃது ஏன் தவறு என்பதையும், சரியான வில்லைக் கணக்கிட்டு அறியும் முறையையும் இக்கட்டுரை விளக்கும்.

இது வசதியைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. சத்தியமங்கலத்திலிருந்து சாமராஜநகர் வழியாகப் பெங்களூரை நோக்கிச் செல்லும் சாலையில், திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அத்தகைய இடத்தில் ஒரு பக்கத்து வில் முறிந்தால், அப்பக்கத்து அச்சு பின்னுக்கு நகரும். பின்வண்டி ஒருபுறமாக இழுக்கும். இழுத்துச் செல்லும் வாகனமும் அதன் வசமாகும். ஆகவே வில்லைப் பற்றிய கணக்கு உயிரைப் பற்றிய கணக்காகும்.

மாட்டு வண்டி கற்பிக்கும் பாடம்

இரு சக்கரப் பின்வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் அமைப்பில் வேற்றுமை மிகச் சிறிது. இரண்டிலும் அச்சு ஒன்றே. பாரத்தின் ஒரு பகுதி அச்சின் மீதும், எஞ்சிய பகுதி முன்முனையின் மீதும் விழுகிறது. ஒன்றில் அம்முனையை மாட்டின் கழுத்து தாங்குகிறது. மற்றொன்றில் மோட்டார் வாகனத்தின் இணைப்புக் கொக்கி தாங்குகிறது.

பெங்களூரில் இத்துறை ஆராய்ச்சிக்கு ஒரு வரலாறு உண்டு. அந்நகரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த எம். ஆர். ராகவன், டி. எல். பிரசன்ன ராவ் ஆகியோர் இரு சக்கர மாட்டு வண்டியின் அமைப்பைப் பொறியியல் முறையில் ஆராய்ந்து, 1979ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞான அகாடமியின் வெளியீட்டில் கட்டுரைகள் எழுதினர். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய என். எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் வற்புறுத்தினார். எளிய வண்டி என்று ஒதுக்கப்பட்டதற்கும் விஞ்ஞானக் கணக்கு உண்டு என்பதை இம்முயற்சிகள் எடுத்துக்காட்டின.

வண்டிக்காரர் பாரத்தைச் சற்றே முன்னோக்கி ஏற்றுவார். பாரம் பின்னே சாய்ந்தால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். பின்வண்டியிலும் முன்முனை தூக்கினால், வேகம் கூடும்போது வண்டி பாம்பு போல் நெளியத் தொடங்கும். ஆதலால் முழுப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மீது விழுமாறு அச்சின் இடத்தை அமைத்தல் வேண்டும். இதனை முனைப்பாரம் என்போம்.

உதாரணமாக, பின்வண்டியின் முழு எடை 600 கிலோ எனவும், கொக்கிக்கும் அச்சுக்கும் இடைத்தூரம் 3,000 மி.மீ. எனவும் கொள்வோம். எடை மையம் அச்சுக்கு 300 மி.மீ. முன்னே இருப்பின், முனைப்பாரம் 600 × 300 ÷ 3,000 = 60 கிலோ ஆகும். எடை மையம் கொக்கியின் மட்டத்திற்கு மேல் 300 மி.மீ. உயரத்தில் இருக்குமாயின், பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அது 30 மி.மீ. பின்னே சென்றதற்கு ஒப்பாகும். முனைப்பாரம் 54 கிலோவாகக் குறையும். அதே இறக்கத்தில் 66 கிலோவாகக் கூடும். கனமான பொருள்களைக் கூரை மீது ஏற்றலாகாது என்பதன் காரணம் இதுவே. தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக வைப்பது நன்று. அப்பொழுது நீர் குறைந்தாலும் முனைப்பாரம் பெரிதும் மாறாது.

முதற்படி: பாரத்தை அறிதல்

வில்லைத் தேடுவதற்கு முன் பாரத்தை அறிதல் வேண்டும். நமது எடுத்துக்காட்டு வண்டியின் கணக்கு வருமாறு:

சட்டமும் பெட்டியும் – 230 கிலோ
அச்சு, சக்கரங்கள், வில்கள் – 100 கிலோ
கூடாரம், படுக்கை, கருவிகள் – 150 கிலோ
தண்ணீர் 60 லிட்டர் – 60 கிலோ
அடுப்பும் எரிவாயு உருளையும் – 30 கிலோ
மின்கலங்கள் – 30 கிலோ
ஆக மொத்தம் – 600 கிலோ

இதில் முனைப்பாரம் 60 கிலோவைக் கொக்கி தாங்குகிறது. அச்சும் சக்கரமும் வில்லுக்குக் கீழே உள்ளவை. அவற்றை வில் சுமப்பதில்லை. எனவே 600இலிருந்து 60ஐயும் 100ஐயும் கழிக்க, இரு வில்களும் சுமப்பது 440 கிலோ. ஒரு வில் சுமப்பது 220 கிலோ. வண்டி முடிந்த பின் எடை மேடையில் நிறுத்தி இக்கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும். மதிப்பீட்டை விட உண்மை எடை கூடுதலாக இருப்பதே வழக்கம்.

இரண்டாம் படி: எவ்வளவு தாழ வேண்டும்?

பாரம் ஏற்றியதும் வில் எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறதோ, அத்தாழ்விலிருந்தே வண்டி நிமிடத்திற்கு எத்தனை முறை மேலும் கீழும் ஊசலாடும் என்பதைக் கூறிவிடலாம். 946 என்ற எண்ணைத் தாழ்வின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும்.

தாழ்வு 25 மி.மீ. – நிமிடத்திற்கு 189 ஊசல்
தாழ்வு 50 மி.மீ. – 134 ஊசல்
தாழ்வு 75 மி.மீ. – 109 ஊசல்
தாழ்வு 100 மி.மீ. – 95 ஊசல்

தாழ்வு மிகக் குறைந்தால் வண்டி கட்டை வண்டியாகிவிடும். ஒவ்வொரு வேகத்தடையிலும் சக்கரம் தரையை விட்டெழும். பற்றுவைத்த இணைப்புகளில் வெடிப்புத் தோன்றும். நுண்ணிய கருவிகள் பழுதடையும். தாழ்வு மிக அதிகமானால் வளைவுகளில் வண்டி சாயும். சிறு பின்வண்டிக்கு 50 முதல் 75 மி.மீ. வரையிலான தாழ்வு நடுநிலையானது. நாம் 65 மி.மீ. அளவை நாடுவோமாயின், வேண்டிய விறைப்பு 220 ÷ 65, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3.4 கிலோ ஆகும்.

மூன்றாம் படி: பட்டைகளின் அளவு

படிப்படியாக நீளம் குறையும் பட்டைகளால் ஆன வில்லின் விறைப்பைப் பின்வரும் வாய்பாடு தருகிறது:

விறைப்பு = (8 × யங் குணகம் × பட்டைகளின் எண்ணிக்கை × அகலம் × தடிமனின் முப்படி) ÷ (3 × நீளத்தின் முப்படி)

இங்கு நீளம் என்பது ஒரு கண்ணிலிருந்து மறு கண் வரையுள்ள தூரம். எஃகின் யங் குணகத்தைச் சதுர மில்லிமீட்டருக்கு 21,000 கிலோ எனக் கொள்ளலாம். 900 மி.மீ. நீளமும், 50 மி.மீ. அகலமும், 6 மி.மீ. தடிமனும் உடைய பட்டைகள் நான்கு இருப்பின், விறைப்பு மில்லிமீட்டருக்கு 3.32 கிலோ ஆகிறது. 220 கிலோ பாரத்தில் வில் 66 மி.மீ. தாழும், ஊசல் நிமிடத்திற்கு 116. நாம் நாடிய அளவு இதுவே. பொருள்களை இறக்கிவிட்ட வெறும் வண்டியில் தாழ்வு ஏறத்தாழ 30 மி.மீ.; ஊசல் 174. வெறும் வண்டி சற்று முரடாக ஓடுவது இயல்பு.

வாய்பாட்டில் ஊன்றிக் கவனிக்கத் தக்கவை மூன்று. பட்டைகளின் எண்ணிக்கை கூடினால் விறைப்பு நேர் விகிதத்தில் கூடும். தடிமன் 6 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ. ஆனால் விறைப்பு ஏறக்குறைய 2.4 மடங்காகும். நீளம் 900இலிருந்து 1,000 மி.மீ. ஆனால் விறைப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். எனவே கடையில் வில்லை வாங்கும்போது 'எத்தனை பிளேட்' என்று கேட்பதோடு அமையாது, தடிமனையும் நீளத்தையும் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

நான்காம் படி: வில் தாங்குமா?

விறைப்பு பொருந்தினால் போதாது. எஃகினுள் எழும் தகைவும் அளவுக்குள் இருத்தல் வேண்டும். அதற்குரிய வாய்பாடு:

தகைவு = (3 × பாரம் × நீளம்) ÷ (2 × எண்ணிக்கை × அகலம் × தடிமனின் வர்க்கம்)

நமது வில்லில் நிலையான பாரத்தில் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 41 கிலோ. சாலைக் குழியில் சக்கரம் விழுந்து வில் மேலும் 75 மி.மீ. வளைந்தால், அதன் மீதுள்ள பாரம் ஏறத்தாழ 469 கிலோவாகும். தகைவு 88 கிலோவாக உயரும். முறையாகக் கடினமாக்கிப் பதப்படுத்திய வில் எஃகு இதனைத் தாங்கவல்லது. சாதாரண மென்னெஃகுப் பட்டை தாங்காது, வளைந்தபடியே நின்றுவிடும். வில் இந்த அளவுக்கு மேல் வளையாதிருக்க, 75 மி.மீ. இடைவெளி விட்டு ரப்பர் முட்டுக் கட்டை ஒன்றைச் சட்டத்தில் பொருத்துதல் வேண்டும். இதனை விட்டுவிடுவோர் பலர். வில் முறிவுக்கு இஃது ஒரு பெருங்காரணம்.

மோட்டார் வாகன வில்களுக்குரிய எஃகைப் பற்றி ஐ.எஸ். 3431 என்னும் இந்தியத் தர நிர்ணயமும், பட்டை வில் தொகுப்பைப் பற்றி ஐ.எஸ். 1135 என்னும் தர நிர்ணயமும் உள்ளன. சிலிக்கன்–மாங்கனீஸ் எஃகும் குரோமியம்–வனேடியம் எஃகும் இப்பணிக்குப் பெரும்பாலும் வழங்குகின்றன.

லாரி வில்லும், பட்டை கழற்றுதலும்

இனி, 'கனமானதே உறுதியானது' என்னும் எண்ணத்தைச் சோதிப்போம். 1,000 மி.மீ. நீளமும், 60 மி.மீ. அகலமும், 8 மி.மீ. தடிமனும் உடைய ஏழு பட்டை வில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் விறைப்பு மில்லிமீட்டருக்கு 12 கிலோ. 220 கிலோ பாரத்தில் அது 18 மி.மீ. மட்டுமே தாழும், ஊசல் நிமிடத்திற்கு 221. வெறும் வண்டியில் தாழ்வு 8 மி.மீ.; ஊசல் 330க்கு மேல். வில் முறியாது, ஆனால் வில் ஏற்க வேண்டிய அதிர்ச்சி முழுவதும் சட்டத்திற்கும் பொருள்களுக்கும் செல்லும்.

இந்நிலையில் பட்டறையில் கூறப்படும் பரிகாரம், பட்டைகளைக் கழற்றிவிடுவது. இரண்டு நீளப் பட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டால் விறைப்பு ஏழில் இரண்டு பங்காக, அதாவது 3.4 ஆகக் குறையும் என்று எண்ணத் தோன்றும். இஃது உண்மையன்று. முன் கூறிய வாய்பாடு படிப்படியாக நீளம் குறையும் அடுக்குக்கே பொருந்தும். முழு நீளமுள்ள பட்டைகள் மட்டும் எஞ்சினால், விறைப்பு வாய்பாட்டின் விடையைப் போல் ஒன்றரை மடங்காகும், அதாவது 5.2 ஆகும். தாழ்வு 43 மி.மீ. அளவில் நிற்கும். மேலும், வளைவு நடுவில் குவிவதால் முறிவும் அங்கேயே நேரும். இரண்டில் ஒன்று முறிந்தால் பாரம் முழுவதும் மற்றொன்றின் மீது விழும். கழற்ற வேண்டுமாயின், நடுப் பட்டைகளில் ஒன்றிரண்டை நீக்கி, நீளங்கள் படிப்படியாகக் குறையுமாறு அமைத்தல் வேண்டும். முதற்பட்டையையும் அதனை அடுத்த பட்டையையும் ஒருபோதும் நீக்கலாகாது. அடுக்கின் உயரம் குறைவதற்கு ஏற்ப நடு போல்ட்டையும் யு போல்ட்டுகளையும் மாற்றுதலும் வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

பெங்களூரில் ஜே. சி. சாலையும் சிவாஜிநகரும் மோட்டார் உதிரிப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற இடங்கள். தேர்வுக்கு ஒரு நல்ல விதி: வெளியூரில் முறிந்தாலும் மாற்று கிடைக்கக்கூடிய வில்லையே நாடுக. அம்பாசிடர் காரின் பின் வில், மாருதி ஓம்னியின் பின் வில் ஆகியவை நெடுநாள் வழக்கில் இருந்தவை. ஆயின் அம்பாசிடர் உற்பத்தி 2014இலும் ஓம்னி உற்பத்தி 2019இலும் நின்றுவிட்டன. 2005இல் அறிமுகமான டாட்டா ஏஸ் போன்ற சிறு பாரவண்டிகளின் வில்கள் சிற்றூர்களிலும் கிடைக்கின்றன. ஆனால் அவை நமது வண்டியை விட மிகுந்த பாரத்திற்காகச் செய்யப்பட்டவையாதலால், விறைப்பை அளந்த பின்னரே ஏற்றல் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. வில்லின் இரு முனைகளையும் சமதளத்தில் உருளும் இரும்புக் குழாய்த் துண்டுகளின் மீது, முதுகு மேலாக வைத்து, நடுவின் உயரத்தைக் குறித்துக்கொள்க. 50 கிலோ சிமெண்டு மூட்டைகள் இரண்டை நடுவில் ஏற்றி, உயரம் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க. 30 மி.மீ. குறைந்தால் நமது வண்டிக்கு ஏற்ற வில், 8 மி.மீ. மட்டும் குறைந்தால் அது லாரிக்குரியது. மூட்டை சரியாதபடி இருபுறமும் காப்பு வைத்தே இச்சோதனையைச் செய்க.

பழைய வில்லை வாங்குவோர், நடு போல்ட் துளையின் அருகிலும், யு போல்ட் அழுத்தும் ஓரங்களிலும், கண்ணின் வளைவிலும் வெடிப்பு உண்டா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் பார்த்தல் வேண்டும். இரு பக்க வில்களும் ஒரே வகையினவாக இருத்தல் வேண்டும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதும் ஆகாது.

பொருத்தும் முறை

வில்லின் முன் கண்ணை அசையாத தாங்கியிலும், பின் கண்ணை ஆடும் ஷாக்கிளிலும் மாட்டுதல் வழக்கம். இரு முனைகளையும் அசையாது பொருத்தலாகாது. வில் நிமிரும்போது அதன் நீளம் கூடுகிறது. 75 மி.மீ. வளைவுடைய 900 மி.மீ. வில் முற்றும் நிமிர்ந்தால், கண்களின் இடைத்தூரம் ஏறத்தாழ 17 மி.மீ. கூடும். அந்நீட்சிக்கு இடம் தருவதே ஷாக்கிளின் வேலை. முழுப் பாரத்தில் ஷாக்கிள் நேர் கீழாகவோ, சற்றே பின்சாய்ந்தோ நிற்பது நன்று. அது சட்டத்தோடு மடிந்து ஒட்டிக்கொள்ளுமாயின், இடைத்தூரம் தவறு என்று அறிக.

அச்சை வில்லோடு பிணைத்து வைப்பவை யு போல்ட்டுகள். அவை தளர்ந்தால் அச்சின் இழுப்பு முழுவதும் நடு போல்ட்டின் மீது விழும். அது வெட்டுண்டால் அச்சு நகரும். எனவே நான்கு மறைகளையும் குறுக்கு முறையில் மாறிமாறி இறுக்கி, முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் இறுக்குதல் அவசியம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி பாரத்துடன் நிற்கும் நிலையிலேயே இறுதியாக இறுக்குக.

பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று உராய்வதால் ஊசல் ஓரளவு தானே அடங்கும். பட்டைகள் குறைந்த வில்லில் உராய்வும் குறைவாதலால், அதிர்ச்சி தாங்கிகளைச் சேர்ப்பது நலம்.

வில்லின் மீது பற்றுவைத்தல், புதுத் துளை இடுதல், உலையில் காய்ச்சி வளைத்தல் ஆகிய மூன்றும் விலக்கத்தக்கவை. எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சினால் அதன் பதம் நீங்கும். மீண்டும் எண்ணெயில் குளிர்வித்து, உரிய வெப்பத்தில் பதப்படுத்தும் வசதி உள்ள பட்டறையிலன்றி இதனைச் செய்விக்கலாகாது.

சட்டத்தைப் பற்றிய குறிப்பு

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதன் பொருளில் பின்வண்டியும் அடங்கும். பதிவின்றிப் பொதுச் சாலையில் ஓட்டலாகாது. ஆகவே இரும்பு வாங்குவதற்கு முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும். இழுக்கும் வாகனம் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்வதும் கடமையாகும்.

வகுப்பறைச் சோதனை

எஃகு அளவுகோல் ஒன்றின் இரு முனைகளையும் இரு நூல்களின் மீது வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டுத் தாழ்வை அளக்கச் செய்க. பின்னர் அதே போன்ற இரண்டு அளவுகோல்களை ஒட்டாமல் அடுக்கி அளக்கச் செய்க, தாழ்வு பாதியாகும். இரண்டையும் நழுவாதபடி முழு நீளமும் ஒன்றாக ஒட்டிவிட்டால், அது இருமடங்கு தடிமனுள்ள ஒரே பட்டைக்கு ஒப்பாகும். தாழ்வு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும். வில்லைத் தனிப் பட்டைகளாகச் செய்வதன் இரகசியத்தை மாணவர் இதிலிருந்து தாமே உணர்வர்.

பயிற்சி வினாக்கள்

1. நமது எடுத்துக்காட்டு வண்டியில் மேலும் 40 கிலோ கருவிகளை அச்சுக்கு நேர் மேலே ஏற்றினால், ஒவ்வொரு வில்லும் சுமப்பது எவ்வளவு? தாழ்வு எவ்வளவு?

2. நான்கு 6 மி.மீ. பட்டைகளுக்குப் பதிலாக, அதே அகலமுள்ள ஒரே 12 மி.மீ. பட்டையை நீளப் போக்கில் ஒடுக்கி அமைத்தால், தகைவு மாறாது; விறைப்பு எத்தனை மடங்காகும்?

3. உங்கள் ஊரில் ஓடும் பாரவண்டி ஒன்றின் பின் வில்லை அளந்து, பட்டைகளின் எண்ணிக்கை, தடிமன், அகலம், நீளம் ஆகியவற்றைக் குறித்து, அதன் விறைப்பைக் கணக்கிடுக.